தோளில் மண்வெட்டி இருந்தால் யாரும் கேட்பதில்லை

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் போன் பண்ணி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள். "மேடம், முட்டி வலி, முதுகு வலி, பக்கவாதம் எல்லாம் சரி. படபடப்பு, பயம்னு ஆளுங்களை எங்ககிட்ட அனுப்புறாங்களே, நாங்க என்ன பண்றது?"

இதே கேள்வியை நானும் கேட்டேன். அப்போது எனக்குச் சர்வீஸ் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். அதனால் உங்களுக்கு இப்போதே தெரியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவரிடம் நான் மூன்று தப்பு செய்தேன். முதல் இரண்டுக்கும் சிரிக்கலாம். மூன்றாவதற்கு முடியாது.

டெல்டாவில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கொரோனா அடங்கிய அடுத்த வருடம், சித்திரை வெயிலில் அவர் வந்தார். பெயர் செல்வராசு என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தெட்டு. கீழ்வேளூர் பக்கம் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்கு மூன்று ஏக்கர். அந்தக் குத்தகை நிலத்தில் இருபது வருடமாக அவர்தான் சாகுபடி. நல்ல கட்டுமஸ்தான ஆள். ஆனால் என் அறைக்குள் வரும்போது மனைவி மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தரையில் முட்டை பரப்பி வைத்த மாதிரி நடந்து வந்தார்.

தை அறுவடையின்போது வயலில் நின்றவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. வியர்வை, கை நடுக்கம், மூச்சு முட்டல். ஆம்புலன்சில் தூக்கிப் போனார்கள். ஈசிஜி சரியாக இருந்தது. தஞ்சாவூரில் இதய டாக்டர் எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அவருடைய சகலை முந்தின வருடம்தான் நாற்றங்காலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்திருந்தார். அவருக்கும் ஏறக்குறைய இதே வயது. ஆகவே டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொன்னதை, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று இவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வயலில் இறங்கவில்லை, பைக் ஓட்டவில்லை, மொட்டை மாடிக்குக்கூட ஏறவில்லை. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலும் படுத்துவிடுவார்.

மல்லிகா அன்றைக்கே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். "நிலத்துக்காரரு சென்னையில இருக்காரு மேடம். ஆடிப் பதினெட்டுக்குள்ள பதில் சொல்லுங்க, முடியலன்னா வேற ஆளுக்கு விட்டுடறேன்னுட்டாரு. கேட்டா இவரு, 'விட்டுடு, உசிரு முக்கியம்'ங்கிறாரு. அந்த நிலத்தை விட்டா இவரு எந்திரிக்கவே மாட்டாரு, எனக்குத் தெரியும்."

செல்வராசு கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தப்பு இதுதான். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிஜனும் நாடித்துடிப்பும் காட்டும் கிளிப், அதில் ஒன்றை எங்கள் பிரிவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பயமா இருந்தா மாட்டிப் பாருங்க. நம்பர் சரியா இருந்தா பயம் போயிடும்" என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

பத்து நாளில் மல்லிகா தனியாக வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "சாப்பிடுற கையில மாட்டிக்கிட்டா சோறு பிசைய முடியலன்னு இடது கையில மாட்டிக்கிட்டுச் சாப்பிடுறாரு மேடம். நேத்து அதுல பேட்டரி போயிடுச்சு. ஒண்ணும் காட்டலியா, தன் நாடிதான் நின்னு போச்சுன்னு ஆட்டோ வச்சுக் கெளம்பிட்டாரு. பேட்டரிக்கு ஆஸ்பத்திரி வந்த ஆளு எங்க வீட்டு ஆளுதான்."

இதை நன்றாக மனதில் வையுங்கள். பயந்தவருக்கு அடிக்கடி தன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவியைக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் கருவி இல்லாமல் அவரால் மூச்சுக்கூட விட முடியாது.

இரண்டாவது தப்பு இது. கிளிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "தினமும் காலையில அரை மணி நேரம் நடங்க" என்றேன். நடை நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். நடந்தால் மனப்பதற்றம் குறையும், தூக்கம் வரும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர் முன்பைவிட மோசமாக இருந்தார். "நடந்தீங்களா?" என்றால், "நடந்தேன் மேடம்" என்கிறார். எவ்வளவு தூரம் என்றால் தன் செருப்பைப் பார்க்கிறார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் திட்டிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை கொஞ்சம் நீளும், கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை உண்டு. ஆனி மாதம் அப்படி அந்தக் கிராமத்துக்குப் போனபோது, "வாங்க, எப்படி நடக்கிறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று அவரோடு கிளம்பினேன்.

முதல் வீடு. "என்ன செல்வராசு, எங்க கெளம்பிட்ட?" நம் ஊரில் தெருவில் போகிற யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்காமல் விட மாட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் அது பதிலே கிடையாது. கையில் ஒன்றும் இல்லாமல், எங்கும் போகாமல், ஒரு விவசாயி காலை எட்டு மணிக்கு நடக்கிறார் என்றால் ஒன்று அவருக்குப் புத்தி சரியில்லை, இல்லை உடம்பு சரியில்லை. "இல்லண்ணே, சும்மா..." என்று இவர் இழுத்தார். உடனே அந்த வீட்டுக்காரர், "ஐயையோ, நெஞ்சு வலிக்காரன் இந்த வெயில்ல நடக்கலாமா? உக்காரு, உக்காரு" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது. இரண்டாவது வீட்டில் மோர். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியம்மா இவர் நெஞ்சிலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்படி அடிக்குது பாரு!" என்றார். அடிக்காமல் என்ன செய்யும்? நான்காவது வீட்டில் என்னையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டார்கள். "முடியாத மனுசனை இப்படி இழுத்துக்கிட்டுத் திரியிறீங்களே மேடம், அந்தப் பொண்ணு மல்லிகா முகத்துக்காகவாவது பாக்க வேணாமா?" என்று எனக்கே திட்டு விழுந்தது. அரை கிலோமீட்டர் தாண்டவில்லை. ஒரு பையனின் பைக்கில் அவரை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் மட்டும் நடந்து திரும்பினேன். திட்டியதற்காக வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் இரண்டு வாரமாகத் தினமும் இதைச் செய்திருக்கிறார். தினமும் ஊரே கூடி, நீ சாகப் போகிறாய் என்று அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறது, அதுவும் முழு அன்போடு. நான் பிறந்து வளர்ந்ததும் இதே மாதிரி ஒரு ஊரில்தான். என்னிடமும் ஆயிரம் தடவை எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் சீட்டில் 'நடை, 30 நிமிடம்' என்று எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போது எதிரே ஒருவர் தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கம் போனார். அதே நான்கு வீடுகளைத் தாண்டிப் போனார். ஒருவரும் கேட்கவில்லை. "தண்ணி வந்துருச்சா?" என்று மட்டும் ஒரு குரல். "மதகு வரைக்கும் வந்துருக்கு" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போய்விட்டார்.

நேராகச் செல்வராசு வீட்டுக்குப் போனேன். "நாளையிலேருந்து மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க."

"வேலை செய்யணுமா மேடம்?" முகம் வெளுத்துவிட்டது.

"வேலை செய்ய வேணாம். தோள்ல வச்சுக்கங்க, போதும். கேட்டா தண்ணி பாக்கப் போறேன்னு சொல்லுங்க."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் பலித்தது. ஒரு வாரத்தில் வாய்க்கால் வரை போய் வந்தார். யாரும் நாற்காலி போடவில்லை.

எனக்கு ஒரே பெருமை. எங்கள் டூட்டி டாக்டரிடம் சொன்னேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், அதிகம் பேச மாட்டார். செல்வராசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து வருவதை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நடக்கிறாரு. ஆனா நெஞ்சு அடிக்காத அளவுக்குப் பாத்துப் பாத்து நடக்கிறாரு. அவருக்கு நெஞ்சு வேகமா அடிக்கிறது தெரியும். அது தானா அடங்கும்கிறது தெரியாது. அடங்கற வரைக்கும் அவரு ஒரு நாளும் காத்திருந்ததே இல்ல. நீங்களும் அடிக்க விடாமத்தான் அவரைப் பாத்துக்கறீங்க."

மூளை உத்தரவு போடும், உடம்பு கேட்கும் என்றுதான் நாம் படித்துவிட்டு வருகிறோம். உடம்பும் மூளைக்கு நாள் முழுக்கச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதயம், நுரையீரல், வயிறு, தசை எல்லாமே அனுப்பும். நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்பது சேதி, அவ்வளவுதான். மாடி ஏறினோம், அதனால் அடிக்கிறது என்பதும், சாகப் போகிறோம், அதனால் அடிக்கிறது என்பதும் மூளை அதற்குச் சொல்லும் அர்த்தம். செல்வராசுவின் மூளைக்கு அந்த ஒரு சேதிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்திருந்தது. வேறு அர்த்தம் உண்டு என்று வாயால் சொன்னால் மூளை நம்பாது. தஞ்சாவூர் டாக்டர் சொல்லியே நம்பவில்லை. உடம்பேதான் அதற்குச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு தடவை போதாது. உடற்பயிற்சி பயத்தைக் குறைப்பதில் பாதி வேலை இதுதான் என்பது என் அனுபவம்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் திரும்பப் பார்த்து, புதிதாக ஒரு ஈசிஜியும் எடுத்துவிட்டுச் சரி சொன்ன பிறகுதான் நான் தொடங்கினேன். அந்தச் சரி இல்லாமல் நீங்கள் யாரையும் படியேற்றக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரி மாடிப்படி இருபத்திரண்டு படி. ஏற வேண்டும், நெஞ்சு அடிக்கும்போது மேல்படியில் நிற்க வேண்டும். படுக்கக் கூடாது, நாடி பார்க்கக் கூடாது. அடிப்பது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஆறு படி. பிறகு பத்து. ஒவ்வொரு தடவையும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நேத்து மாதிரியா, வேற மாதிரியா?"

"நேத்து மாதிரிதான் மேடம்."

"அப்ப நேத்து மாதிரியே அடங்கும். நில்லுங்க."

முழுப் படியும் ஏறிய நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேலே போனதும் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. சட்டை நனைந்துவிட்டது. "மேடம், வந்துருச்சு, வந்துருச்சு" என்கிறார். கீழே மல்லிகா, "ஐயோ, போதும் விடுங்க!" என்று கத்த, மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர் என்று யாரோ கூவினார்கள். உட்கார வைத்துவிட்டால் ஊர் என்னை ஒன்றும் சொல்லாது. ஆனால் இத்தனை நாள் செய்தது அத்தனையும் பாழ். உட்கார வைக்காமல் ஏதாவது ஆகிவிட்டால்?

கீழ்ப்படியில் டாக்டர் நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செல்வராசு பக்கத்தில் போய், "எங்க இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

"நெஞ்சு முழுக்க. தடதடன்னு. காதுக்குள்ள கேக்குது."

"வலி இருக்கா? அழுத்துதா?"

"இல்ல. அடிக்குது."

"நேத்து மாதிரியா, வேற மாதிரியா?"

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ தேடுகிற மாதிரி இருந்தார். "நேத்து மாதிரிதான். கூடுதலா இருக்கு. ஆனா அதேதான்."

நின்றோம். எனக்கு ஒரு யுகம் மாதிரி இருந்தது. உண்மையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "மேடம், எறங்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடங்கிடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா அடங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கீழே இருந்த கூட்டத்தைப் போகச் சொல்லி அதட்டினேன்.

அடுத்து வயல்தான். மண்வெட்டி தோளிலிருந்து கைக்கு வந்தது. வரப்பின் ஓரத்தைச் செதுக்கிச் சேற்றை அள்ளிப் பூசுகிற அண்டை வெட்டு எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் மூச்சு வாங்கும் வேலை. பத்தடி வெட்டுவார், நின்று நெஞ்சு அடங்குவதைப் பார்ப்பார், மறுபடி வெட்டுவார். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் மல்லிகா போன் பண்ணினார். "நிலத்தை விடலன்னு சென்னைக்குச் சொல்லிட்டாரு மேடம்."

இங்கேயே கதையை முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருக்கும். மூன்றாவது தப்பு பாக்கி இருக்கிறது.

ஒன்றரை வருடம் போனது. ஒரு சம்பா எடுத்தார், அடுத்ததும் விளைந்து நின்றது. எங்களைப் பார்க்க எப்போதாவது வருவார், கையில் ஒரு பை வெண்டைக்காயோ கத்தரிக்காயோ இருக்கும். தை பிறந்து அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் பிரிவில் திங்கட்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு அம்மாவின் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். செல்வராசு வாசலில் வந்து நின்றார். மல்லிகா ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

"மேடம், ஒரு ஈசிஜி எடுக்கணும்."

நான் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர்தானே என்ற நினைப்பு. தை மாதம், அறுவடை, சகலை ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குள்ளேயே காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். "என்ன செல்வராசு, திரும்பவுமா? அப்படி உக்காருங்க. உங்களுக்குத் தெரியாததா, அடங்கிடும்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "இது அது இல்ல மேடம். அது ஏறும், அடங்கும். இது ஏறவும் இல்ல, அடங்கவும் இல்ல. அடிக்கவே இல்ல, அழுத்துது. தாடை வரைக்கும் இழுக்குது." குரலில் பதற்றமே இல்லை. மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு நிமிஷம் இருங்க, இவங்களை முடிச்சுட்டு வர்றேன்" என்றேன்.

நான் அந்த அம்மாவின் முழங்காலை நீட்டி முடித்துவிட்டுப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. ஈசிஜி அறை எதிர் வரிசையில் நான்காவது கதவு. அங்கிருந்து டெக்னீஷியன் பெண் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடுவதைப் பார்த்தேன். அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. மாரடைப்பு. டாக்டர் அங்கேயே முதல் மருந்துகளைக் கொடுத்து, ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி தொடங்கிய உடனே வந்ததால்தான் இதயத்தசை தப்பியது என்று அங்கே சொன்னார்களாம்.

ஈசிஜி அறைக்கு அவர் நடந்து போயிருக்கக் கூடாது. என் அறையிலிருந்து சக்கர நாற்காலியில் போயிருக்க வேண்டும். பிசியோதெரபி அறைக்கு யார் எதற்காக வந்தாலும், எத்தனை தடவை பயந்து வந்தவராக இருந்தாலும், நெஞ்சு அழுத்தம் என்று சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். இதை நான் உங்களுக்குப் புத்திமதியாகச் சொல்லவில்லை, என் குற்றமாகச் சொல்கிறேன். பழைய ரிப்போர்ட் பழைய நாளைக்குத்தான் பேசும். பயந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால், அதன்பின் அவர் சொல்வது நம் காதில் ஏறாது. அவர் மூளை ஒரு சேதிக்கு ஒரே அர்த்தம் வைத்திருந்தது என்று சொன்னேனே, அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன்.

மாசிக் கடைசியில் மறுபடி என்னிடம் வந்தார், இந்த முறை இதய டாக்டரின் சீட்டோடு, நிஜமான இதய நோயாளியாகப் பயிற்சிக்கு. மல்லிகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, "என்னை மன்னிச்சுடுங்க. அன்னிக்கு உங்களை உக்காரச் சொன்னேன்" என்றேன். அவரைவிட நான் பத்து வயது மூத்தவள். அப்படி யாரிடமும் நான் கேட்டதில்லை.

அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "அட, விடுங்க மேடம். அறுப்பைக்கூட இருந்து பாக்க முடியல, அதான் வருத்தம்" என்று பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. "நான் சொல்லியும் கேக்காம எப்படிப் போனீங்க?" என்றேன்.

"படியில நிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் கேப்பீங்களே, நேத்து மாதிரியா, வேற மாதிரியான்னு. அன்னிக்கும் கேப்பீங்கன்னு வாசல்ல நின்னு பாத்தேன்" என்றார். "நீங்க கேக்கல. அதான் நானே கேட்டுக்கிட்டேன்."